எட்டாயிரத்து ஐந்நூறும் எட்டரை ரூபாயும்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போட்டிருப்பேன், இங்கே உனக்குக் கட்டும் வீட்டின் கணக்கில் ஓர் இழுபறி இருந்தது. அதைத் தீர்க்காமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. நேற்று ராத்திரிதான் தீர்ந்தது.

முதலில் வேலை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லிண்டல் முடிந்தது. சன்னல்களை உன் அம்மா நேரில் பார்த்துச் சரி சொன்ன பிறகே வைத்தோம். கிழக்குப் பக்கத்து மாமரத்தை வெட்டவில்லை, சுவரை இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறோம். அடுத்தது சென்ட்ரிங், கூரைக் கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் வேலை.

இனி கணக்கு. நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் கணினியில் வெறும் எழுத்துக் கோப்பாக எழுதி வருவது உனக்குத் தெரியும். எச்லெட்ஜர் என்ற மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்துக் கூட்டிக் கழித்துக் காட்டும். 2003-இல் ஜான் வீக்லி எழுதிய லெட்ஜர் என்ற கணக்கு மென்பொருளைப் பார்த்து, சைமன் மைக்கேல் ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் செய்தது இது. கோப்பைத் திறக்க எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். குவைத்தில் உட்கார்ந்து உன் போனிலேயே ஒவ்வொரு வரியையும் நீ படிக்கலாம். உன் பணம், நீ படிக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வழியைப் பிடித்தேன்.

மாதக் கடைசியில் பாஸ்புக்கில் பதிவு போட்டுவந்து ஒப்பிட்டால், கோப்பில் இருப்பு ₹29,420.55 கூடுதலாக நிற்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏதாவது செலவை எழுதாமல் விட்டேனா என்று பில்களை எல்லாம் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. எல்லாமே கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு தொகையையும் வரவிலும் பற்றிலும் எழுதும் இரட்டைப் பதிவு என்பதால் வரவும் பற்றும் சமமாகவே இருந்தன, மென்பொருளும் ஒரு குறையும் சொல்லவில்லை.

அந்த 55 பைசாதான் வழி காட்டியது. மணல்காரரோ கம்பிக் கடையோ சித்தாளோ, யாருக்கும் நாம் பைசாவில் கொடுத்ததே இல்லை. அப்படியானால் பைசா எங்கிருந்து வந்தது? வழக்கமாக நான் 8500 என்று காற்புள்ளி இல்லாமல் தட்டுவேன். ஒருநாள் மட்டும் சில பில்களை அவற்றில் இருந்தபடியே காற்புள்ளியோடு தட்டியிருக்கிறேன். அவற்றில் மூன்று: எம்-சாண்ட் 8,500, ஜல்லி 6,200, கம்பி 14,750. எச்லெட்ஜர் அவற்றை எட்டரை ரூபாய், ஆறு ரூபாய் இருபது பைசா, பதினான்கே முக்கால் ரூபாய் என்று படித்துவிட்டது! மூன்றும் சேர்த்து 29,450 போக வேண்டிய இடத்தில் 29.45 மட்டும் போயிருக்கிறது. கழித்துப் பார், அதே 29,420.55.

இதில் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஜெர்மனி போன்ற நாடுகளில் காற்புள்ளிதான் தசமக் குறி, ஆயிரத்தைப் பிரிக்கத்தான் புள்ளி. எச்லெட்ஜர் இரண்டு வழக்கத்தையும் ஏற்கும். அதனால் ஓர் எண்ணில் ஒரே ஒரு குறி இருந்து, அது எது என்று நாம் முன்பே சொல்லாவிட்டால், தசமக் குறி என்றே எடுத்துக்கொள்ளும். என்னைத் திணறடித்தது வேறொன்று. அதே நாள் காற்புள்ளியோடு தட்டிய செங்கல் பில் 1,25,000 சரியாகவே பதிவாகியிருந்தது. அதில் இரண்டு காற்புள்ளி இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. லட்சங்கள் சரியாக இருக்க, ஆயிரங்கள் மட்டும் நழுவிவிட்டன. பெரிய தொகைகளை மட்டும் சரிபார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது கோப்பின் தலையிலேயே, தசமக் குறி புள்ளிதான் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். இனி 8,500 என்றால் எட்டாயிரத்து ஐந்நூறுதான். அடுத்த வரியில் ₹1,00,000.00 என்று ஒரு மாதிரித் தொகை கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து அறிக்கைகளில் லட்சம், கோடி முறையிலேயே காற்புள்ளி போட்டுத் தரும். மேற்கத்திய முறையில் மூன்று மூன்றாகப் பிரித்தால் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது நானே தடுமாறுவேன்.

ஒவ்வொரு மாதக் கடைசி வரியிலும் தொகைக்குப் பின்னால் சமக்குறி போட்டு, பாஸ்புக் இருப்பையும் எழுதுகிறேன். கோப்பின் கூட்டல் அதோடு ஒத்துப்போகாவிட்டால் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். இதை முதல் மாதத்திலிருந்தே செய்திருக்க வேண்டும். வரவும் பற்றும் சமமாக நின்றதும் கணக்கு சரி என்று நம்பிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே தவறு இருந்தாலும் அது சமமாகத்தானே நிற்கும்.

நீயும் இந்தக் கோப்பில் எழுத ஆசைப்படுகிறாய், சந்தோஷம். அப்படியானால் சிலவற்றைச் சொல்கிறேன். "ரூ.500" என்று நம் பழக்கப்படி எழுதாதே. அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டு அரை ரூபாய் என்று படித்துவிடும். ₹ மட்டும் போடு. ஓரிடத்தில் ₹, இன்னோரிடத்தில் தமிழ் ரூபாய்க் குறியான ௹ என்று மாற்றி மாற்றியும் போடாதே, இரண்டையும் வெவ்வேறு நாணயம் என்றே நினைக்கும். எனக்கு ௹ மேல் ஒரு பிரியம் உண்டு. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று நம் எழுத்தில் இருந்த கணக்குக் குறிகளோடு அதுவும் 2003-இல்தான் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர்ந்தது, லெட்ஜர் வந்த அதே வருடம். ஆனாலும் இந்தக் கணக்குக்கு ₹ போதும். அப்புறம், கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி விடு. "கொத்தனார் கூலி" போலப் பெயருக்குள்ளேயே ஓர் இடைவெளி வரலாம் என்பதால், ஒன்று மட்டும் விட்டால் தொகையும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

உன் பக்கத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், அதனால் உனக்குத் தசமம் மூன்று இலக்கம். அங்கே 1.250 என்றால் ஒன்றேகால் தினார். அதைக் காற்புள்ளி போட்டு 1,250 என்று எழுதிவிட்டால் இப்போது ஆயிரத்து இருநூற்றைம்பது தினார் ஆகிவிடும். கவனமாக எழுது. மாற்று விகிதத்தை நீ கணக்குப் போடத் தேவையில்லை. அங்கிருந்து போன தினாரை எழுதி, @@ போட்டு, இங்கே வந்து சேர்ந்த மொத்த ரூபாயை அப்படியே எழுதிவிடு. விகிதத்தை எழுதினால் தசமத்தை எங்காவது வெட்டுவோம், கடைசியில் சில்லறை இடிக்கும். அனுப்பும் கட்டணத்தைத் தனி வரியில் போடு.

திருத்திய கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தவறாக இருந்த மூன்று வரிகளுக்கும் பக்கத்தில் அரைப்புள்ளி போட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறேன், பார்த்துவிடு. சென்ற மூன்று முறை நீ பணம் அனுப்பியதற்கான ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்பு. கட்டணத்தின் ஃபில்ஸ் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அந்த வரிகளைக் காலியாக வைத்திருக்கிறேன். கான்கிரீட் போடும் தேதி முடிவானதும் எழுதுகிறேன். அன்று உன் அம்மா கையால்தான் முதல் சட்டி கலவை.

அன்புடன்,
ரவி