மழை விட்ட மறுநாள் மலைப் பாதையில் நாற்பது மோட்டார் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஓர் ஐயா, கூட்டமாக மோட்டார் சைக்கிளில் காட்டுக்குள் போகிறவர்களை ஒரேயடியாகத் தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். ‘வேலைவெட்டி இல்லாத பையன்கள்’ என்றும் சொல்லியிருந்தார். செந்தூலில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன் நான். அந்தப் பையன்களின் வண்டிகள் என் கடையில்தான் பழுது பார்க்கப்படுகின்றன. ஒருவன் லோரி ஓட்டுகிறான், ஒருவன் மருத்துவமனையில் தாதி, இன்னொருவன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. வேலை இல்லாதவனுக்குக் காட்டுக்குப் போய்வரக் கட்டுப்படியாகாது ஐயா. ஒரு தடவை சேற்றில் போய்வந்தால் செயின், பிரேக் கட்டை, பேரிங் என்று ஏதாவது ஒன்று போய்விடும். எனக்கு அதில் வருமானம், அதையும் மறைக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியும் நானும் அவர்களோடு போகிறேன். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டுதான்.

தடை வேண்டாம். நெடுஞ்சாலையில் நள்ளிரவில் மோட்டார் மேல் படுத்துக்கொண்டு பந்தயம் ஓட்டுவதைவிட, முதல் கியரில் மலை ஏறுகிற பையன் எவ்வளவோ மேல். ஆனால் ஐயாவின் கோபத்துக்கு வேறு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அவர் அதைத் தொடவில்லை. நாங்கள் விளையாடப் போகும் பாதை வேறு யாருக்கோ வீட்டுக்குப் போகும் வழி.

பகாங்கில் கராக், பெந்தோங், ரவூப் தாண்டி சுங்கை கோயான் வழியாக ரிங்லெட் ஏறியவர்களுக்குத் தெரியும். அந்த மலைப் பகுதியில் தார் முடிந்த பிறகும் கம்பங்கள், அதாவது கிராமங்கள், இருக்கின்றன. லெமோய் மாதிரியான செமாய் பூர்வக்குடிக் கம்பங்கள். கிளினிக், பள்ளிக்கூடம், கடை எல்லாவற்றுக்கும் அவர்கள் மண் பாதையில்தான் இறங்கி வரவேண்டும். அவர்கள் ஓட்டுவதும் நம்முடைய அதே காப்சாய், அதாவது சின்ன கியர் மோட்டார்தான்: பழைய ஈஎக்ஸ் 5, கிரிஸ்.

நான் பெந்தோங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா ரோட்டு வேலை கேங்கில் இருந்தார். செம்மண் பாதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கேட்டதுதான். பெரிய மழை பெய்தால் பாதைக்குக் குறுக்கே மூங்கிலைக் கட்டிவிடுவார்கள். இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்காமல் டிராக்டரை விடமாட்டார்கள், துரையே வந்து கேட்டாலும் சரி. சரிவுகளில் பாதையின் குறுக்கே சாய்வாக மண்மேடு கட்டியிருக்கும். மேலேயிருந்து ஓடிவரும் தண்ணீர் அதில் முட்டி ஓரத்துக் கானில் (வடிகாலில்) இறங்கிவிடும். அந்த மேட்டைச் சக்கரம் அறுத்துவிட்டால் தண்ணீருக்கு ஓரம் தெரியாது. சக்கரத் தடத்திலேயே நேராக இறங்கும். அடுத்த மழைக்குத் தடம் கணுக்கால் ஆழம், அதற்கடுத்த மழைக்கு முழங்கால் ஆழம். அப்புறம் நாலு சக்கர வண்டியும் ஏறாது.

காய்ந்த பாதையில் ஆறேழு மோட்டார் போனால் அடையாளமே இருக்காது. ஈரத்தில் நாற்பது மோட்டார் வரிசையாகப் போவது வேறு கதை. முதல் பத்துப் பேர் போய்விடுவார்கள். இருபதாவது ஆள் வரும்போது மண் ரொட்டி சானாய் மாவு மாதிரி பிசைந்து கிடக்கும். பின்னால் வருகிறவனுக்குப் பிடிப்பு இல்லை. த்ராட்டலை முறுக்குவான், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். காப்சாயில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது என்பதால் பழகாதவர்களுக்கு முறுக்குவதைத் தவிர வேறு வழி தெரியாது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பெரிதாகப் போட்டு, டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் நடை வேகத்திலேயே ஏறலாம், சக்கரமும் சுற்றாது. இறங்கும்போது இதைவிட மோசம். பயத்தில் பின் பிரேக்கை மிதித்துப் பூட்டிவிடுவார்கள், பூட்டிய டயர் கலப்பை போட்ட மாதிரி இழுத்துக்கொண்டே வரும். முதல் கியரில் போட்டு, த்ராட்டலை விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். இதைப் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு, அதிகச் சத்தம் போடும் சைலன்சர் என்ன விலை என்று கேட்கிறார்கள்.

ஒருமுறை அப்படிப்பட்ட சரிவில் ஒரு செமாய் ஆடவரைப் பார்த்தேன். வண்டியின் இரண்டு பக்கமும் காட்டில் பறித்த பெத்தாய்க் காய்க் கட்டுகள், கீழே வியாபாரியிடம் கொடுக்கக் கொண்டுபோகிறார். முந்தின நாள் ஒரு பெரிய கூட்டம் போயிருந்த தடம் அது. ஓட்ட முடியாமல், வண்டியைத் தோளால் முட்டுக்கொடுத்து இறக்கிக்கொண்டிருந்தார். பின் பிரேக் டிரம்முக்குள் சேறு போய்ப் பிடிப்பே இல்லை. கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். கூட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ‘கிரேடர் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?’ என்று மட்டும் மலாயில் கேட்டார்; மண் பாதையைச் சமப்படுத்தும் இயந்திரத்தைத்தான் சொன்னார். கோலாலம்பூரிலிருந்து வருகிறவனுக்கு அரசாங்கத்தில் ஆள் தெரியும் என்று நினைத்துவிட்டார் போல.

கிரேடர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் நடக்கும் காப்சாய் ஜம்போரிகளை, அதாவது கூட்டு மோட்டார் ஓட்டங்களை, நான் குறை சொல்லவே மாட்டேன். கட்டணம், டீ-சட்டை, மதியச் சாப்பாடு, கடைசியில் குலுக்கல் பரிசு; நூற்றுக்கணக்கில் வருவார்கள், நல்ல கூத்து. தோட்ட நிர்வாகத்திடம் கிரேடர் இருக்கிறது. திங்கட்கிழமை ஒரு ஓட்டு ஓட்டினால் பாதை சரியாகிவிடும். பழக்குலை ஏற்ற அவர்களுக்கு எப்படியும் அந்தப் பாதை வேண்டும். அதே கூட்டத்தை அப்படியே மலைக்கு ஏற்றுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள். கம்பத்து ஆட்கள் மண்வெட்டி எடுத்தால்தான் உண்டு.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டப்படி, மூடப்பட்ட நிரந்தர வனக்காப்பகத்துக்குள் பெர்மிட் இல்லாமல் நுழைவது குற்றம். பெர்மிட் கொடுப்பது அந்தந்த மாநில வனத்துறை. பெர்மிட் வாங்காமல் ‘அண்ணே, யாரும் கேட்கமாட்டாங்க’ என்று போகிறவர்களை நான் அறிவேன். இந்த நாட்டுக் காடுகளில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. கண்ணி வைத்து வேட்டையாடுகிறவர்களைத் தேடி அதிகாரிகள் ரோந்து போகிறார்கள். இருட்டில் மோட்டார் வெளிச்சத்தைப் பார்த்தால் அந்த அதிகாரிகள் நம்மை என்னவென்று நினைப்பார்கள்? கம்பத்துக்குள் போவதென்றால் கம்பத்துத் தலைவரான தோக் பாத்தினிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிந்தால் பூர்வக்குடி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவுக்கும் தெரியப்படுத்துவது நல்லது. வாசலில் நாற்பது வண்டியை நிறுத்திவிட்டுச் செல்பி எடுத்துக்கொள்ள அது கண்காட்சி அல்ல.

பாதுகாப்பைப் பற்றி அந்த ஐயா நிறையவே எழுதிவிட்டார், அதில் எனக்குச் சண்டை இல்லை. போன் லைன் இல்லாத இடத்தில் கால் முறிந்தால் 999ஐ அழைக்க முடியாது. மேலே மழை பெய்தால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயேர் என்கிற திடீர் காட்டாற்று வெள்ளம் வந்து ஆற்றைக் கடக்கவிடாமல் செய்துவிடும். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் மலைச்சரிவு முகாமிட்டிருந்தவர்கள் மேல் விழுந்து 31 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஆனால் சிறிய கூட்டமாகப் போனால் இந்த விஷயமும் பாதி சரியாகிவிடும் என்பதுதான் என் அனுபவம். பாலாக் (மரக்கட்டை) லோரிகள் போட்ட பாதையில் சந்திக்குச் சந்தி கிளை பிரியும். ஒவ்வொரு சந்தியிலும் ஒருவன் நின்று, கடைசி ஆள் வந்த பிறகுதான் நகர வேண்டும். எட்டுப் பேர் இருந்தால் இது நடக்கும். நாற்பது பேர் இருந்தால், சந்தியில் நிற்கிறவன் அரை மணி நேரம் அட்டைக்கடி வாங்கிவிட்டு, ‘எல்லாரும் போயாச்சு’ என்று கிளம்பிவிடுவான். அப்புறம் இருட்டில் ஆளைத் தேட வேண்டியதுதான்.

ஆகவே பகாங், பேராக் வனத்துறைகளுக்கு என் வேண்டுகோள்: மண் பாதைக்குப் பெர்மிட் கேட்கும் மோட்டார்க் குழுவுக்கு ஆள் எண்ணிக்கையில் ஒரு வரம்பு வையுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். மழை பெய்தால் பெர்மிட் தானாக இரண்டு நாள் தள்ளிப்போகட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பகாங் பக்கத்து மலைப் பாதைகளுக்குப் பெர்மிட்டே கொடுக்காவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, கடையில் கொஞ்சம் வியாபாரம் குறையும், அவ்வளவுதான். ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் ஒரு தொகை வாங்கி அதைப் பாதை பழுதுபார்க்கக் கம்பத்திடமே கொடுத்தால் இன்னும் நல்லது. டீ-சட்டைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

ஏற்பாட்டாளர்கள் சிலர் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதத்துக்கு மலைப் பயண விளம்பரம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடம் போடவில்லை, ‘வரம்பில்லை, எல்லாரும் வரலாம்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதைத் தோட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் தம்பிகளா. மாற்றினால், முந்தின சனிக்கிழமை பிரேக்கும் செயினும் பார்த்துக் கொடுக்கக் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைக்காரர்,
செந்தூல், கோலாலம்பூர்