சேகருக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பெயர் வைத்த அன்று வரவில்லை என்ற கோபம் இருக்கும், திட்டிக்கொள். சாந்திக்கு ஜிப்மரில் கண்புரை ஆபரேஷனுக்கு அந்த வாரம்தான் தேதி கிடைத்தது. இப்போது பார்வை தெளிவு. என் சட்டைக் காலர் அழுக்கு வரை தெரிகிறதாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று ஒப்பந்தம் பற்றி, "ஜெனீவாவில் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது, பெரிய நாடு சொல்வதுதானே நடக்கும்?" என்று கேட்டிருந்தாய். பாதி சரி. மீதிக்கு, நம் ஆரம்ப சுகாதார நிலையத்து பார்மசியை நினைத்துப் பார். தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்து, மாநிலம் முழுவதற்கும் சேர்த்து மருந்துக்கு டெண்டர் விட ஆரம்பித்தது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய், ஒதுக்கிய தொகை வரைக்கும் அட்டைப்பெட்டிகளை வண்டியில் ஏற்றி வருவோமே! ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி தனியாகப் போய் விலை கேட்டால் எந்தக் கம்பெனி மதிக்கும்?

தடுப்பூசிக்கு இதே வேலையை அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1970களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டன. பான் அமெரிக்க சுகாதார அமைப்பின் சுழல் நிதி என்று பெயர். 40க்கும் மேற்பட்ட நாடுகளும் தீவுகளும் அதில் சேர்ந்து வாங்குகின்றன. பிரேசிலுக்கு என்ன விலையோ, அதே விலைதான் குட்டித் தீவுக்கும்.

கொரோனாவில் ஆப்பிரிக்க ஒன்றியமும் அப்படித்தான் கூட்டாக இறங்கி, ஜான்சன் தடுப்பூசி 22 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டது. ஆனால் பார், 2021இல் தென்னாப்பிரிக்காவில் குப்பியில் அடைத்த அதே தடுப்பூசி ஐரோப்பாவுக்குப் போனது! ஆப்பிரிக்கர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. நம்மையும் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டாம் அலை வந்ததும் நாமும் ஏற்றுமதியை நிறுத்தினோம். புனேயில் தயாரான கோவிஷீல்டு தடுப்பூசியை நம்பியிருந்த நாடுகள் கையைப் பிசைந்தன. இங்கே ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்தபோது வேறென்ன செய்திருக்க முடியும் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி.

அந்தக் காயம்தான் பெருந்தொற்று ஒப்பந்தப் பேச்சில் வெளிப்பட்டது. "கிருமி மாதிரியை நாங்கள் தருகிறோம், அதிலிருந்து செய்யும் மருந்தில் எங்கள் பங்கு எங்கே?" என்று ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாக நின்றன. இதே கேள்வியோடு இந்தோனேசியா 2007 வாக்கில் பறவைக் காய்ச்சல் மாதிரிகளைத் தனியாகவே நிறுத்தி வைத்தது. இன்புளுயன்சா கிருமிக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வர 2011 ஆனது. 2025 மே மாதம் நிறைவேறிய ஒப்பந்தத்தில், பெருந்தொற்றின்போது தடுப்பூசி, மருந்து உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தருவது இலக்கு. அதில் பாதியாவது இலவசம். எப்படிப் பங்கிடுவது என்ற சிக்கலான பகுதியை மட்டும் இணைப்பாக்கி, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டு சீர் பேசுகிற கதை!

நம் பக்கம்? தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் தலைவர்கள் கடைசியாக மாநாடு கூடியது 2014இல், காத்மாண்டுவில். 2020 மார்ச்சில் வீடியோவில் பேசி, கொரோனா நிதிக்கு இந்தியா 1 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. இலங்கை, வங்கதேசம், நேபாளம், நாம் எல்லோரும் சேர்ந்து ஒரே டெண்டராகப் பாம்புக்கடி மருந்தோ வெறிநாய்க்கடி ஊசியோ வாங்கலாமே என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அரசியல் சரியில்லை என்பார்கள். சரி, அமெரிக்கக் கண்டத்தில் கியூபாவுக்கும் வாஷிங்டனுக்கும் மட்டும் என்ன கொஞ்சலா?

உன் மருமகன் ஹைதராபாத்தில் தடுப்பூசி கம்பெனியில்தானே இருக்கிறான்? பல நாட்டுக்குச் சேர்த்து ஆர்டர் வந்தால் விலையை எந்த அளவுக்கு இறக்குவார்கள் என்று கேட்டு எழுது. பேரனின் போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
குமார்