எதிர்ப்பு சக்தி எல்லோருக்கும் கூட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் வழிகள்' என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் அடிக்கடி ஏதாவது வருகிறது. அதை எனக்கு அனுப்பி வைக்கவென்றே ஓர் அத்தை இருக்கிறார். எனக்கு இருப்பது லூபஸ், அதாவது எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். எதிர்ப்பு சக்திக்கு என்னிடம் பஞ்சமில்லை. என் மூட்டுகளைப் பதம் பார்ப்பதே அதுதான். அதை அடக்கி வைக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு.

2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்குத்தான். மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி என்ற பெயர்களைப் போட்டீர்கள், சரி. என்ன செய்தார்கள் என்பது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. சகாகுச்சி 1995இல் வெளியிட்ட சோதனை பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். டி செல்கள் என்பவை எதிர்ப்பு வேலை பார்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள். எலியின் டி செல்களிலிருந்து சிடி25 என்ற அடையாளம் கொண்டவற்றை மட்டும் நீக்கினார். மிச்சத்தை, டி செல்களே இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார். தைராய்டு, இரைப்பை என்று சொந்த உறுப்புகளையே அவை தாக்கின. நீக்கியவற்றையும் உடனே சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. ஆக, ஆரோக்கியமான உடம்பிலும் தன்னையே தாக்கக்கூடிய செல்கள் உண்டு. அவற்றைச் சும்மா இருக்க வைப்பவை இந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இவற்றுக்கு ஃபாக்ஸ்பி3 மரபணு அவசியம். அது பழுதான ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய், தீராத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் வரும் கொடுமையான நோய் ஒன்று உண்டு. பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001இல் கண்டுபிடித்த தொடர்பு இது.

லூபஸ் இப்படி ஒரே மரபணுவோடு முடிகிற கதை இல்லை. ஒழுங்குபடுத்தும் செல்கள் குறைந்திருக்கலாம். இருந்தும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். தாக்கும் செல்கள் அவற்றுக்கு அடங்காமலும் இருக்கலாம். அதற்காக இவற்றைக் கண்டபடி பெருக்கிவிடவும் முடியாது. பல புற்றுநோய்க் கட்டிகள் இதே செல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் நம் எதிர்ப்பிலிருந்து தப்பிக்கின்றன.

பரிசுச் செய்தி வந்ததும், "மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே, மாத்திரையை நிறுத்திவிடேன்" என்றார் அத்தை. நோயாளியின் ஒழுங்குபடுத்தும் செல்களை எடுத்து, வெளியே வளர்த்து, திரும்பச் செலுத்தும் முறை இன்னும் பரிசோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதுவரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைதான் என் கதி. இதை விரிவாக எழுத ஒரு மூட்டு வாத நிபுணரைக் கேளுங்கள். எதிர்ப்பு சக்திக் குறிப்புகளுக்குக் கீழே, 'தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்' என்று ஒரு வரியும் போடுங்கள். கொட்டை எழுத்தில் இருந்தால் நல்லது, அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் சிறிய எழுத்து தெரியாது.

இப்படிக்கு,
லூபஸ் உள்ள ஒரு வாசகி