பயிற்சி ஆசிரியரின் வகுப்பை நடத்துவது ரெக்கார்டு நோட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பி.எட். படிப்பு 2015-16 முதல் இரண்டாண்டானது. பள்ளிப் பயிற்சியும் 20 வாரமாக நீண்டது: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. ஆனாலும் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்த வரவில்லை என்ற பேச்சு கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் ஓயவில்லை. வாரங்கள் போதாமல் இல்லை. அந்த வாரங்களில் பயிற்சியாளர் (பயிற்சி பெறும் பி.எட். மாணவர்) யாருக்காகப் பாடம் நடத்துகிறார் என்பதில்தான் கோளாறு.

கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் உண்டு. 6 நிமிடம் நடத்தி, 6 நிமிடம் கருத்துக் கேட்டு, 12 நிமிடத்தில் திருத்தித் திட்டமிட்டு, மீண்டும் 6 நிமிடம் நடத்தி, 6 நிமிடம் கருத்துக் கேட்பது. ஆக 36 நிமிடம். நல்ல முறைதான். ஆனால் எதிரே பிள்ளைகளாக நடிப்பவர்கள் சக பயிற்சியாளர்கள். கேட்டதும் சரியான விடை வந்துவிடும்.

நிஜ வகுப்பில் 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் 2/5 என்று ஒரு பிள்ளை சொல்லும். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. பாடம் தொடங்க வேண்டிய இடமே அதுதான். "தப்பு, உட்காரு. வேற யாரு?" என்று பயிற்சியாளர் தாண்டிப் போகிறார். ஏனென்றால் ரெக்கார்டு நோட்டில், அதாவது மதிப்பெண்ணுக்காக ஒப்படைக்கும் குறிப்பேட்டில், அவர் ஒவ்வொரு வகுப்புக்கும் எழுதிவைக்கும் பாடத்திட்டத்தின் 'எதிர்பார்க்கும் விடை' கட்டத்தில் 5/6 மட்டும்தான் இருக்கிறது; மணி அடிப்பதற்குள் தொகுத்தல், வீட்டுப்பாடம் வரை போயாக வேண்டும். பார்வையிட வரும் பேராசிரியரும் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். கேள்வி கேட்டபின் மூன்று வினாடியாவது காத்திருந்தால் கூடுதல் பிள்ளைகள் வாய்திறக்கிறார்கள் என்பது 1970களிலிருந்தே தெரிந்த செய்தி. நம் பயிற்சியாளர் ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை.

இதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர் அந்தப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர். பயிற்சியாளர் உள்ளே நுழைந்ததும் அவர் எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித் துறை இணையதளம்) பதிவுக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலைப்பளு அப்படி. கவனிக்க ஆளில்லாத வகுப்பில் பயிற்சியாளர், தான் பள்ளியில் படித்தபோது பார்த்த ஆசிரியரைப் போலவே நடத்தத் தொடங்குகிறார். ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் அனுப்பப்படும் தமிழ்ப் பயிற்சியாளர், அறிவியல் வகுப்பில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்கத்தான் கற்றுக்கொள்கிறார்.

காலமும் கைகொடுப்பதில்லை. பயிற்சி அக்டோபரில் தொடங்கினால் கடலூரில் பாதி நாள் மழை விடுமுறை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜூன் முதல் செப்டம்பர் வரையே ஏற்ற காலம். கல்லூரி அட்டவணை ஒத்துவருமா என்பது வேறு கதை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அங்கே பயிற்சி பெற்றவர் பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூருக்கு வேலைக்கு வந்தால் பாடநூலே வேறு. எழுதி மனப்பாடம் செய்த பாடத்திட்டம் அப்போது உதவாது. பிள்ளைகளின் தவறைப் படிக்கத் தெரிந்தவருக்குப் புத்தகம் மாறினாலும் சிரமமில்லை.

பாடத்திட்டத்தை ஒரே பக்கமாகச் சுருக்கி, எதிர்ப்பக்கத்தில் அன்று பிள்ளைகள் சொன்ன தவறான விடைகளையும் அவற்றுக்கான காரணத்தையும் எழுதச் சொல்லலாம். ரெக்கார்டு மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பக்கத்துக்குத் தரலாம். வழிகாட்டி ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளையாவது கடைசி பெஞ்சில் முழுதாக உட்கார்ந்து, அன்றே பத்து நிமிடம் பேச வேண்டும். அந்தப் பாடவேளையில் அவருக்கு வேறு எந்தப் பதிவு வேலையும் தரக்கூடாது என்று தமிழ்நாடு, புதுச்சேரி கல்வித் துறைகள் இரண்டும் தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர் கல்வியியல் விரிவுரையாளர்,
கடலூர்.