வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை

நாங்குநேரி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். நாம் படித்தபோது வெள்ளிக்கிழமைதோறும் கூடிய இலக்கிய மன்றத்தைப் போல இப்போதும் பள்ளிகளில் ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. இலக்கிய மன்றம், பசுமைப்படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றோடு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து அறிவியலும் கணக்கும் கற்பதற்காக 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றமும் இருக்கிறது. ஆனால் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது மன்றத்துக்குரிய பாடவேளைதான். நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில், ஓராண்டு முழுவதும் கூடாத மன்றம் கூடியதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்கள். அதில் நானும் கையெழுத்திட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

போன ஜனவரியில் பசுமைப்படைப் பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துச் சென்றேன். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள் என்பதை நீ அறிவாய். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எங்களோடு வந்திருந்தான். வாத்து மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை, வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுபவன். குளத்தின் நடுவே நின்ற கூட்டத்தைக் காட்டி மற்றவர்கள் "வாத்து" என்றபோது அவன் மட்டும், "சார், இது நம்ம வாத்து இல்ல, பின்னந்தலையில ரெண்டு கறுப்புக் கோடு கெடக்கு" என்றான். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அவை. கரையிலேயே குத்தவைத்து, நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு முதலில் தலையை வரைந்தான். பிறகு அதன் கீழே, யாரையும் பார்த்து எழுதாமல், ஐந்து வரிகள் எழுதினான். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. சிவப்பு மையால் அவற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பசுமைப்படையின் குறிப்பேடு அவன் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலேயே, "சார், இன்னைக்கு மன்றம் உண்டுல்லா?" என்று வந்து நிற்கிறான். அவனிடம் இல்லை என்று சொல்ல நேரக் கூடாது என்பதற்காகவே, அந்தப் பாடவேளையைக் கேட்டு வரும் சக ஆசிரியர்களிடம் நான் கண்டிப்பாக மறுத்துவிடுகிறேன். சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

உன் வீட்டுப் பரணில் ஒரு தொலைநோக்கி கிடப்பதாகச் சொல்லியிருந்தாய். வருகிற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. பிள்ளைகளோடு நீயும் குளத்துக்கு வர வேண்டும். மதினியை விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்