பச்சை ஒளிர்ந்தால் என்ன பொருள்? நெஞ்சக அறுவைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அறுவை மருத்துவர்களே, மயக்க மருத்துவர்களே, அரங்குச் செவிலியர்களே,

அகச்சிவப்புக் கேமரா வந்து இறங்கிய கையோடு முதல் நோயாளியைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் கேமராவில் ஒளிரும் சாயத்துக்கான நெறிமுறையை முதலில் எழுதுங்கள்.

நுரையீரல் கட்டி அறுவையில் இண்டோசயனின் கிரீன் என்ற ஒளிர்சாயம் இரண்டு வேலை செய்கிறது. முந்தைய நாள் கிலோவுக்கு 5 மி.கி. வரை சிரைவழி கொடுத்தால், மறுநாள் அது கட்டியில் தேங்கி நிற்கும், ஒளிர்வதை எடுக்கிறோம். நுரையீரலின் ஒரு துண்டத்தை மட்டும் எடுக்கும் செக்மென்டெக்டமியில், எடுக்கவேண்டிய துண்டத்தின் தமனியைத் துண்டித்த பிறகு கிலோவுக்கு 0.25 மி.கி. போன்ற சிறிய அளவைச் செலுத்துகிறோம். இரத்தம் ஓடும் பகுதி ஒளிரும். இருண்டு கிடப்பதை எடுக்கிறோம். ஒரே பச்சை, நேரெதிர் பொருள். ஒரே நோயாளியிடம் இரண்டையும் கலந்தால் எஞ்சிய சாயமே எல்லையை மங்கச் செய்யும்.

இண்டோசயனின் கிரீனின் 25 மி.கி. குப்பியை உப்புநீரில் கரைக்கக் கூடாது, சாயம் திரண்டுவிடும். ஊசிக்கான தூய நீரில் கரைத்து 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். செக்மென்டெக்டமியில் செலுத்தியபின் துண்டத்தின் எல்லை அரை நிமிடம் போலத் தெரியத் தொடங்கி, சில நிமிடங்களில் மங்கிவிடும். ஆகவே எல்லையைச் சுட்டுக் குறிக்கும் காட்டரி கையில் இருக்கும்போதுதான் "செலுத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். மறுபடி செலுத்தினால் பின்னணி ஒளி கூடும், முதல் தெளிவு வராது.

ஒரு சிறு தமனிக்கிளை விட்டுப்போனால் இருள வேண்டிய இடம் ஒளிரும். எல்லைக்கோடு கட்டிக்கு அருகே நகர்ந்துவிடும். எங்களை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான், ஏனெனில் திரையில் படம் அழகாகவே இருக்கும். எல்லை எதிர்பார்த்த இடத்தில் இல்லையென்றால் சிடி படத்தை வைத்துக் கிளைகளை மீண்டும் எண்ணுங்கள். எம்பசீமா (காற்றறைகள் சிதைந்த நிலை) உள்ள நுரையீரலில் ஒளி மங்கும், கரி படிந்த நுரையீரல் அதை விழுங்கும். ஒளி ஏறத்தாழ ஒரு செ.மீ. ஆழம்தான் ஊடுருவும் என்பதால் ஆழமான கட்டி தெரியாமலே போகலாம். அழற்சியும் கிரானுலோமாவும் (அழற்சியால் உண்டாகும் சிறு திசுமுடிச்சு) புற்றுபோலவே ஒளிரும். விரலால் தடவிப் பார்ப்பதையும், அறுவையின்போதே திசுவை உறையவைத்துச் சோதிக்கும் ஃப்ரோசன் செக்‌ஷனையும் கைவிடாதீர்கள்.

பல புற்றுச் செல்களின்மேல் மிகுந்திருக்கும் ஃபோலேட் ஏற்பியைத் தேடிப் பற்றும் பாஃபோலாசியனின் என்ற மற்றோர் ஒளிர்சாயம், 2022 டிசம்பரில் அமெரிக்காவில் நுரையீரலுக்கும் அனுமதி பெற்றது. அளவு கிலோவுக்கு 0.025 மி.கி.; 5% டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 60 நிமிடம் ஏற்ற வேண்டும், அறுவைக்கு 1 முதல் 24 மணி நேரம் முன்பு. ஃபோலிக் அமில மாத்திரையை 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்லவேண்டியவர் வெளிநோயாளர் பிரிவுச் செவிலியர். அவர் கையிலும் நெறிமுறை இருக்கட்டும்.

ஒவ்வொரு அறுவைக்கும் முன் அரங்குப் பலகையில் சாயத்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், அதன் கீழே பெரிய எழுத்தில் "ஒளிர்வதை எடு" அல்லது "இருண்டதை எடு" என்று எழுதச் செய்யுங்கள்.

— ஒளிர்சாய அறுவையில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும்