பாத்தித் தண்ணீருக்கு டிகிரி உண்டு

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடி ஏற விடாதே. நீ சொன்னால் அம்மா கேட்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடாமல் அவர்களுக்கு ஒரு கோடை கழிந்ததில்லை. பிரபு பிளஸ் ஒன்னில் உயிரியல் எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நீட், கீட் என்று இப்போதே அவனைப் போட்டு வறுக்காதே.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். "வெயிலில் நின்றால் உடம்புக்கு ஆகாது என்பது எங்க ஆச்சிக்கே தெரியும். அதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு சம்பளமா?" ஏட்டி, படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். ஆனால் கேள்வி ஞாயமானது. வெயில் உடம்பை என்ன செய்கிறது என்று நான் ஆய்வு செய்யும் உப்பளத்திலும் இதைக் கேட்காத ஆள் இல்லை. அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

விடியுமுன் அளத்துக்குப் போய்விடுவோம். வேலை தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் எடை பார்ப்போம், காது வழியாக உடல் சூடு பார்ப்போம், ஒரு குப்பியில் சிறுநீர் வாங்கிக்கொள்வோம். வேலை முடிந்ததும் மறுபடி இதே. நடுவில் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், எத்தனை தடவை ஒதுங்கப் போனார்கள் என்று குறித்துக்கொள்வோம். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டி, போன சிறுநீரைக் கழித்தால் வியர்த்தது எவ்வளவு என்று வந்துவிடும். வரப்பில் ஒரு முக்காலி நிற்கும். அதில் மூன்று வெப்பமானிகள்: ஒன்று கறுப்பு உருண்டைக்குள், ஒன்று ஈரத்திரி சுற்றியது, ஒன்று சும்மா காற்றில். மூன்றையும் சேர்த்து வரும் கணக்குக்கு டபிள்யூபிஜிடி என்று பெயர். 1950களில் அமெரிக்காவில் படைப்பயிற்சி முகாம்களில் ஆட்கள் சூட்டில் சுருண்டு விழுந்ததால் உருவான கணக்கு இது. இதில் ஈரத்திரிக்கு மட்டும் 70 சதவீதப் பங்கு. வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? டிவியில் சொல்கிற 37 டிகிரி, 38 டிகிரியை வைத்து நம் கடற்கரையை எடைபோட முடியாது. காற்றில் இருக்கும் ஈரம் அந்த எண்ணில் வராது. ஓரளவு கடினமான வேலைக்கு 28 டிகிரி டபிள்யூபிஜிடி, ரொம்பக் கடினம் என்றால் 27.5 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். சித்திரை வைகாசியில் காலைப் பலகாரம் செரிக்குமுன் இங்கே அது தாண்டிவிடும்.

இதையெல்லாம் நாங்கள்தான் முதலில் செய்கிறோம் என்று நினைத்துவிடாதே. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 பேரைப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் அந்த எல்லைக்கு மேல்தான் வேலை செய்கிறார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வேலை செய்யும் அளவு குறைந்திருந்தது. சிறுநீரகம் கெட்டால் வலிக்காது, அதுதான் சிக்கல். தினமும் உடம்பில் நீர் வற்றி, அங்கே போகிற ரத்தம் குறைந்து, கொஞ்சம் அடிபட்டு, ராத்திரி கொஞ்சம் தேறி, மறுநாள் மறுபடி அடிபடும். ஆள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். இதே குழு 800 கர்ப்பிணிகளையும் பார்த்தது. சூட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்கு. உங்கள் ஆச்சிக்கு வெயில் ஆகாது என்று தெரிந்திருக்கும், இரண்டு மடங்கு என்று தெரிந்திருக்காது இல்லையா?

சரி, நான் உனக்குச் சொல்ல நினைத்தது வேறு.

உப்பு எப்படி விளைகிறது என்று உனக்குத் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது ரயிலில் போகையில் ஜன்னல் வழியாக உப்பு அம்பாரத்தைப் பார்த்து "பனிமலை" என்று சொல்லிக்கொண்டு போன ஆள்தானே நீ. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வரும். இது சூட்டு டிகிரி இல்லை, போமே டிகிரி, தண்ணீரின் அடர்த்தி. பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வெயிலில் காயவிட்டு, சுமார் 25 டிகிரி வந்ததும் உப்பு இறங்கும். 30 பக்கம் போனால் கசப்பு உப்புகள் சேர்ந்து சரக்கு கெட்டுப்போகும், அதற்குள் கழிவைத் திறந்துவிட வேண்டும். அதனால் ஒரு ஆள் கண்ணாடிக் குழலோடு பாத்தி பாத்தியாகப் போய் மிதக்கவிட்டு டிகிரி பார்த்துக்கொண்டே இருப்பார். அரை டிகிரி வித்தியாசத்துக்குச் சண்டையே நடக்கும்.

நான் கையில் வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதையேதான். ஒரு சொட்டுச் சிறுநீரைக் கண்ணாடியில் விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். சுத்தத் தண்ணீரின் அடர்த்தி 1 என்று வைத்தால், சிறுநீர் 1.020-ஐத் தாண்டினால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஒருநாள் டிகிரி பார்க்கிற அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இவளுக டிகிரி எவ்வளவு?" என்றார். வரிசையாகப் படித்துக் காட்டினேன், 1.028, 1.030 என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "பாத்தியில இப்பிடி ஏறிச்சுன்னா முதலாளி ராத்திரியே போன் போட்ருவாரு" என்றார். இத்தனை வருஷமாக அளத்தில் அடர்த்தி அளக்கத் தெரியாமல் யாரும் இல்லை, செல்வி. கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. அது பாத்திக்கு மட்டும் என்று இருந்துவிட்டது.

எங்களைப் போல வருகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வோம்? "அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்" என்று படம் போட்ட நோட்டீஸ் கொடுப்போம். நானும் கொடுத்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு அக்கா அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள்: "குடி குடின்னு சொல்லுதீய. குடிச்சிட்டு எங்கன போய் உக்கார? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் ஒரு செடி மறைவு உண்டா?" உண்மையில் கிடையாது. உப்பளம் என்பது தரையோடு தரையாகக் கிடக்கும் வெட்டவெளி. ஆண்கள் வரப்பில் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் காலையில் வீட்டில் போனால் மறுபடி வீட்டுக்கு வந்துதான். அதற்குத் தோதாக முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், என்ன மாத்திரை என்று அவர்களுக்கும் தெரியாது. சூடும் கழிப்பறை இல்லாததும் சேர்ந்து பெண்களை என்ன செய்கிறது என்று 2016-லேயே அந்தச் சென்னைக் குழு தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறது. கழிப்பறை கட்டுவதைச் சுகாதாரம், மானம் என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் உப்பளத்தில் அது சிறுநீரகத்துக்கான வைத்தியம். கணக்கில் அந்தத் தலைப்பில்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று கூலி. நான் போகிற அளத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு நாள் கூலி, லாரியில் ஏற்றுகிறவர்களுக்குச் சரக்குக் கணக்கு. ஏற்றுகிறவர்களிடம் போய் மணிக்குப் பத்து நிமிஷம் நிழலில் உட்காருங்கள் என்றால் அவர்கள் காசில் அவர்களை உட்காரச் சொல்கிறோம் என்று அர்த்தம். அறிவுரை இலவசம், அதனால்தான் எல்லாரும் அதைத் தாராளமாகக் கொடுக்கிறோம்.

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இதே நோய் வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சர்க்கரை வியாதி கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது, இருபது முப்பது வயசுப் பையன்கள். நிகராகுவாவில் ஒரு ஊருக்கு விதவைகளின் தீவு என்றே பெயராகிவிட்டது. எல் சால்வடோரில் ஒரு ஆய்வுக் குழு 2014-15 கரும்பு வெட்டுப் பருவத்தில் ஒரு காரியம் செய்து பார்த்தது: முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை, கூடவே தூக்கிக்கொண்டு போகிற நிழல் கூடாரம், நேரம் குறித்த ஓய்வு, அப்புறம் கைக்கு வாகான புது வெட்டரிவாள். ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டியது 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னானதாகக் கணக்கு காட்டினார்கள். ஓய்வால் வந்ததா அரிவாளால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, நான் அதை மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் உட்கார்ந்தால் உற்பத்தி படுத்துவிடும் என்று முதலாளிமார் சொல்வது நடக்கவில்லை, அது போதும். இந்த ஒரு கணக்கை மட்டும் தமிழில் எழுதி இரண்டு அளக்காரர்களிடம் கொடுத்தேன். ஒருவர் படித்தார். மற்றவர் கரும்பும் உப்பும் ஒண்ணா என்று கேட்டார். கேட்கட்டும்.

உனக்கு ஒரு சூட்சுமமும் சொல்லவேண்டும், நீ கணக்கு டீச்சர், ரசிப்பாய். இந்த 7 சதவீதம் குறைவா நிறையவா? அளத்துக்குப் போய் அளந்தால் அன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறவர்களைத்தான் அளக்கிறோம். முடியாமல் போனவர்கள் வீட்டில் படுத்திருப்பார்கள், அல்லது பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருப்பார்கள். அவர்கள் நம் தாளில் வரவே மாட்டார்கள். தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணி வந்ததுதான் 7. அப்புறம் கிரியேட்டினின். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் பார்ப்பது இதைத்தான், கூடினால் சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம். அது தசையிலிருந்து வருகிற சரக்கு. நம் பெண்கள் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் கொஞ்சம் கெட்டிருந்தாலும் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரலாம். இதனால் நான் இப்போது வேலையை விட்டவர்களின் வீடுகளையும் தேடிப் போகிறேன். பட்டியல் எந்த ஆபீசிலும் கிடையாது, அக்காமார் வாயிலிருந்துதான் வருகிறது. அந்தத் தெருவில் இன்னார், இந்தத் தெருவில் இன்னார் என்று விரல்விட்டு எண்ணுவார்கள்.

ரத்தம் எடுத்த ஒவ்வொருவருக்கும் முடிவைக் கையில் கொடுக்க வேண்டும் என்று குழுவில் நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னால் வேறு ஒரு ஆய்வுக்கு ரத்தம் கொடுத்ததாகவும், எடுத்துக்கொண்டு போனவர்கள் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றும் இங்கே சொல்கிறார்கள். அதனால்தான் முதல் வாரம் யாரும் கை நீட்டவில்லை. நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை: தமிழில் ஒரு தாள், அதில் மூன்று வரி, குறைந்திருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போகவேண்டும் என்று. குழுவில் ஒரு பெரியவர் "பயந்துபோவார்கள்" என்றார். பயந்துதான் போகட்டும், அவர்கள் சிறுநீரகம்தானே என்றேன். இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லமாட்டேன். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் வேலை நின்றுபோகும் மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. 2024 முதல் வெப்ப அலையும் மாநிலப் பேரிடர் பட்டியலில் இருக்கிறது, அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். ஆனால் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகம் போய்ச் சாகிறவர்களை எந்தப் படிவத்தில் எழுதுவது? அதற்குத்தான் எனக்குச் சம்பளம், போதுமா?

இப்போது உன்னிடம் ஒரு வேலை. உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் நிறைய இருப்பதாக எழுதியிருந்தாய். அங்கே பாத்ரூம் போக டோக்கன் முறை இருக்கிறதா, பீஸ் ரேட்டா ஷிப்டா, வேலை நேரத்தில் தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடுகிறார்களா என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பார். கடைகளில் நிற்கிறவர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றம் சட்டம் திருத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். அது நடந்ததும் இப்படி நாலு பேர் நாலு இடத்தில் கேட்டதால்தான். கம்பெனி பேரோ ஆள் பேரோ எழுதவேண்டாம், அவர்களுக்கு வம்பாகிவிடும்.

அம்மாவுக்கு நான் கேட்டதாகச் சொல். ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, லீவு கேட்க வேண்டும். வரும்போது உன் கை முறுக்கு கொண்டு வா. இங்கே கிடைப்பதில் உப்பு கூடுதல்.

அன்புடன்,
உன் சாந்தி